கணுக்கால் முறிவு: நெறிமுறையில் எழுதியிருப்பது எவ்வளவு, மருத்துவமனையில் நடப்பது எவ்வளவு?

கேள்வி இது: "படிக்கட்டில் சறுக்கி விழுந்து என் அண்ணனுக்குக் கணுக்கால் முறிந்தது. வயது 45. அறுவை சிகிச்சை நடக்க ஆறு நாள் ஆனது. அதன் பிறகு ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்றார்கள். பிரிட்டனின் நெறிமுறையைப் படித்தால் அன்றே அல்லது மறுநாளே அறுவை என்று இருக்கிறது. மருத்துவமனைகள் இவற்றை உண்மையில் எந்த அளவுக்குப் பின்பற்றுகின்றன?"

இதற்கு ஒரே ஒரு சதவீதத்தைப் பதிலாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். நெறிமுறையில் பல வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளை, வேறு வேறு நேரத்தை நம்பி நிற்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் ஒரு டாக்டர் தன் இரண்டு கைகளால் அந்த நேரத்திலேயே செய்து முடிக்கக்கூடியவை பெரும்பாலும் நடந்துவிடும். ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், எக்ஸ்ரே டெக்னீஷியன், காலிப் படுக்கை என்று நாலும் சேர்ந்து வரவேண்டியவை தாமதமாகும். பல வருடப் பழக்கத்தை விடச் சொல்பவை எல்லாவற்றையும்விட மெதுவாக நகரும். இதைத் தவிர இன்னொரு வகையும் உண்டு: செய்திருப்பார்கள், ஆனால் எழுதியிருக்க மாட்டார்கள். கேஸ் ஷீட்டுகளை நெறிமுறையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தணிக்கையில் அது செய்யாத வேலையாகவே எண்ணப்படும்.

நீங்கள் படித்தது அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016 பிப்ரவரியில் சிக்கலற்ற எலும்பு முறிவுகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் எலும்பியல் சங்கம் கணுக்கால் முறிவுக்கென்றே ஒரு சுருக்கமான நெறிமுறையைக் கொண்டுவந்தது. இந்த இரண்டாவதுதான் தணிக்கை செய்கிறவர்களுக்குப் பிடித்தது. வரி வரியாக இருப்பதால் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு 'ஆம்', 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போகலாம். வேறு நாட்டு மருத்துவமனை ஒன்று அதை அளவுகோலாக எடுத்துக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் எல்லாம் ஒரே அளவு ஆதாரம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

தொடக்கத்திலிருந்து வருவோம். கணுக்கால் சுளுக்கியதா முறிந்ததா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டுமா என்பதை முடிவு செய்ய ஒட்டாவா விதிகள் என்று ஒன்று உண்டு. கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-இல் வெளியிட்டது. வெளிப்புறக் கணு அல்லது உட்புறக் கணுவின் பின்விளிம்பில், கீழிருந்து 6 சென்டிமீட்டருக்குள், அல்லது அதன் நுனியில் அழுத்தினால் எலும்பில் வலிக்கிறதா? விழுந்தவுடனும் சரி, மருத்துவமனையிலும் சரி, நாலு அடி வைக்க முடியாமல் போனதா? கணுப் பகுதியில் வலி இருந்து, இவற்றில் ஒன்றாவது உண்டென்றால்தான் கணுக்காலுக்கு எக்ஸ்ரே. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, இந்த விதிகள் முறிவைத் தவறவிடுவது மிக அரிது என்றும், தேவையற்ற எக்ஸ்ரேக்களை 30 முதல் 40 சதவீதம் வரை குறைக்கலாம் என்றும் காட்டியது. நடைமுறையில் வாசலிலேயே எக்ஸ்ரே சீட்டை எழுதிக் கொடுத்துவிடும் இடங்கள் ஏராளம். வரிசையை நகர்த்த அதுதான் சுலபம், நோயாளிக்கும் படம் எடுத்தால்தான் நிம்மதி. இதைப் பெரிய குற்றமாக நான் பார்ப்பதில்லை. கணுக்கால் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு; வீணாவது பணமும் நேரமும்.

உண்மையிலேயே அவசரம் தேவைப்படும் இடம் மூட்டு விலகிக் கோணிக்கொண்டு வரும் கணுக்கால். உள்பக்கத் தோல் எலும்பின் மேல் இழுபட்டு வெளுத்துப்போய் நிற்கும். அப்படியே மணிக்கணக்கில் விட்டால் அந்தத் தோல் கொப்புளித்துச் செத்துப்போகலாம். தோல் போனால் அறுவைக்கு வழியில்லை, திறந்தால் மூட இடமில்லை. ஆகவே உடனே வலி மருந்து கொடுத்து, இழுத்து நேராக்கி, பின்பக்கம் ஸ்லாப் (அரை மாவுக்கட்டு) போட்டு நிறுத்த வேண்டும் என்கிறது நெறிமுறை. அதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கலாம், ஆனால் எக்ஸ்ரேக்காகக் கால் காத்துக்கிடக்கக் கூடாது. நேராக்கிய பிறகு ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் மறுபடி பார்க்க வேண்டும், மறுபடி படம் எடுக்க வேண்டும்.

இதில் நேராக்குவது நடந்துவிடுகிறது. கோணிய காலைப் பார்த்த எவருக்கும் சும்மா இருக்கத் தோன்றாது. சறுக்கும் இடம் அதற்கு அடுத்தது. வந்தபோது நாடித்துடிப்பு இருந்தது, உணர்ச்சி இருந்தது என்று முதல் பக்கத்தில் இருக்கும். ஸ்லாப் போட்டபின் இருந்ததா? அந்த வரி பெரும்பாலும் காணாமல் போகும். டாக்டரிடம் கேட்டால், "பார்த்தேனே, விரல் சிவப்பாக இருந்தது, அசைத்தார், அதனால்தான் மேலே அனுப்பினேன்" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மறுநாள் காலை கால் விரல் மரத்துப்போய் இருந்தால், அது விழுந்தபோதே வந்ததா, இழுத்தபோது வந்ததா, ஸ்லாப் இறுகி வந்ததா என்று சொல்ல எவராலும் முடியாது. இந்த ஒரு வரிக்காகத் தணிக்கை செய்வதை வெறும் காகித வேலை என்று முணுமுணுப்பவர்கள் அந்த மறுநாள் காலையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதைச் சரிசெய்வது சுலபமும்கூட. கேஸ் ஷீட்டில் "முன்" என்று ஒரு கட்டம், "பின்" என்று ஒரு கட்டம் அச்சடித்துவிட்டால் அடுத்த சுற்றில் எண்ணிக்கை ஏறிவிடும். கூட்டத்தில் போட்டுக் காட்டப்படும் 'முன்னேற்றங்களில்' கணிசமானவை இப்படிப்பட்டவைதான். நல்லதுதான், ஆனால் சிகிச்சை மேம்பட்டதா, பதிவு மேம்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உறுதித்தன்மை. கணுக்கால் முறிவுச் சிகிச்சையின் மூளை முழுக்க இங்கேதான் இருக்கிறது. மரச்சட்டத்தில் செதுக்கிய பள்ளத்தில் கட்டை ஒன்று இறுகப் பொருந்தி உட்காருவதுபோல, முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளான திபியாவும் (பெரியது) ஃபிபுலாவும் (வெளிப்பக்கத்து மெல்லியது) சேர்ந்து உண்டாக்கும் பள்ளத்துக்குள் பாதத்தின் உச்சியிலுள்ள டேலஸ் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும் முறிந்து மறுபக்கத்துத் தசைநார்கள் முழுதாக இருந்தால் டேலஸ் நகராது. இரண்டு பக்கமும் போனால் நகரும். எவ்வளவு நகர்ந்தால் ஆபத்து? ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் 1976-இல் சடலக் கால்களில் செய்த சோதனையில், டேலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்தது. எலும்பியல் பயின்ற அனைவருக்கும் மனப்பாடமான எண் இது. உயிருள்ள, நடக்கிற காலில் தசைநார்கள் டேலஸைப் பிடித்து வைப்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்ற வாதமும் உண்டு. இருந்தாலும் அந்த எண் பல ஆயிரம் பேரை ஆபரேஷன் மேசைக்கு அனுப்பியிருக்கிறது என்பது என் எண்ணம்.

சிக்கல் வருவது வெபர் பி என்னும் வகையில். ஃபிபுலா மூட்டின் மட்டத்திலேயே சாய்வாக முறிந்திருக்கும். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் டேலஸ் சரியாக உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். உள்பக்கத்து டெல்டாய்டு தசைநார் அறுந்திருக்கிறதா என்பது படத்தில் தெரியாது. அங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்பதை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. உள்பக்க இடைவெளி 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படு என்பது வழக்கமான கணக்கு. காலைத் தொங்கவிட்டு, அதன் எடையாலேயே மூட்டு விலகுகிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேயும் உண்டு. அது உறுதியான காலைக்கூட உறுதியற்றதாகக் காட்டிவிடும். ஆகவே நோயாளி காலை ஊன்றி நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயைத்தான் இப்போது பெரிதும் நம்புகிறார்கள். வலி கொஞ்சம் அடங்கியதும், ஒரு வாரத்தை ஒட்டி எடுப்பார்கள். நின்றும் டேலஸ் நகரவில்லை என்றால் அது உறுதியான முறிவு.

உறுதியான முறிவு என்றால் சிகிச்சை எளிது. தாங்கும் அளவுக்கு உடனே ஊன்றி நடக்கலாம் என்கிறது நைஸ். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் எலும்பியல் பிரிவில் மறுபடி பார்க்க வேண்டும், ஆறு வாரமாகியும் குறையவில்லை என்றால் நோயாளி திரும்பி வரவேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். பின்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, உறுதியான வெபர் பி முறிவு கொண்ட 247 பேரை மூன்றாகப் பிரித்தது: ஆறு வார மாவுக்கட்டு, மூன்று வார மாவுக்கட்டு, மூன்று வாரம் கழற்றி மாட்டும் தாங்குபட்டை. ஓராண்டு முடிவில் குறுகிய இரண்டும் ஆறு வாரத்துக்குச் சளைக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஆறு வார மாவுக்கட்டு ஏன் சாகமாட்டேன் என்கிறது? முதல் காரணம், நின்றபடி எக்ஸ்ரே எடுக்க நேரமும் பொறுமையும் வேண்டும். வலியோடு இருப்பவரை நிற்க வைத்து, பாதி எடையையாவது அந்தக் காலில் போட வைத்துப் படம் எடுப்பது நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் சுலபமில்லை. படம் இல்லையென்றால் சந்தேகம் தீராது, சந்தேகம் தீராவிட்டால் மாவுக்கட்டு. இரண்டாவது, பழியின் கணக்கு. ஊன்றச் சொல்லி நகர்ந்துவிட்டால் கேள்வி டாக்டரை நோக்கி வரும். ஆறு வாரம் கட்டிவைத்து மூட்டு இறுகி, தசை சூம்பி, ஒரு மாதச் சம்பளம் போனால் அது 'முறிவின் விளைவு' ஆகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். தணிக்கைப் படிவத்திலும் "தேவையில்லாமல் மாவுக்கட்டு போடப்பட்டதா?" என்ற கட்டம் அபூர்வம்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்பக்கம் வீங்கி வலிக்கிறது, கணுக்கால் படத்தில் முறிவே இல்லை என்றால் முழங்காலுக்குக் கீழே ஃபிபுலாவை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே உயரத்தில் முறிந்து, கீழே இரண்டு எலும்புகளையும் இணைக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். மேசனவ் முறிவு என்பார்கள். சுளுக்கு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் பிறகு திரும்பி வரும் கேஸ்களில் இதற்கு ஓர் இடம் உண்டு.

இனி உங்கள் அண்ணனின் ஆறு நாள். உறுதியற்ற முறிவுக்கு அறுவை என்று முடிவானால் அன்றே அல்லது மறுநாளே செய்வதைப் பரிசீலிக்கலாம் என்பது நைஸின் வாசகம். 60 வயதுக்குக் கீழானவர்களில் பெரும்பாலோருக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்கிறது எலும்பியல் சங்கம். காரணம் வீக்கம். விழுந்த முதல் சில மணி நேரத்தில் தோலுக்கு அடியில் இடம் இருக்கும். அதன் பிறகு வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டு, சிலருக்கு நீர்க்கொப்புளம் கிளம்பும். அந்தத் தோலைக் கிழித்தால் தையல் பிரியும், புண் சீழ்பிடிக்கும், எலும்பைப் பிடிக்க உள்ளே வைத்த உலோக பிளேட் வெளியே தெரியும். ஆகவே வீக்கத்துக்கு முன்னால் முந்திக்கொள். முந்த முடியவில்லை என்றால் வீக்கம் வடிந்து தோல் மறுபடி சுருங்கும்வரை பொறு. அந்தப் பொறுமைதான் ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள் என்று போகிறது.

எனவே ஆறு நாள் என்பதை மட்டும் வைத்துத் தவறு என்று தீர்ப்பெழுத முடியாது. மூன்றாம் நாள் கொப்புளம் இருந்தபோது காத்திருந்தார்கள் என்றால் அது சரியான சிகிச்சை. முதல் நாள் மாலை கால் நன்றாகவே இருந்தும், தியேட்டர் பட்டியலில் இடமில்லாமல் தள்ளித் தள்ளி, மூன்றாம் நாள் வீக்கம் வந்து, அதற்குப் பிறகு 'வீக்கத்துக்காகக் காத்திருக்கிறோம்' என்று எழுதினால், காத்திருப்பின் உண்மையான காரணம் முதல் நாளில் கிடக்கிறது. தணிக்கையில் இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் "இல்லை" என்று விழும். எந்த மருத்துவமனையின் அறிக்கையைப் படித்தாலும் தாமதத்தின் காரணத்தை முதல் 24 மணி நேரத்திலிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

தியேட்டரில் இடம் ஏன் இல்லை? விபத்து அறுவைகளுக்கான பட்டியல் ஒரு நாளில் ஒன்று இருக்கும். அதில் திறந்த காயங்கள் முதலில் வரும், அடுத்து இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள். கணுக்கால்காரர் வயதில் இளையவர், நிலையாக இருக்கிறார், ஸ்லாப் போட்டாயிற்று, வலியும் மட்டுப்பட்டிருக்கிறது. வெறும் வயிற்றோடு மாலைவரை காத்திருந்து, "இன்றைக்கு இல்லை, சாப்பிடுங்கள்" என்று கேட்பவர் அவர்தான். நள்ளிரவில் செய்துவிடலாமே என்றால், உயிருக்கோ காலுக்கோ உடனடி ஆபத்து இல்லாத அறுவையை அசந்துபோன குழுவிடம் விடுவது நல்லதல்ல, அதுவும் நியாயமான கொள்கைதான்.

இடுப்பு முறிவு முந்திக்கொள்வதற்கு மருத்துவக் காரணம் வலுவாக இருக்கிறது. அதோடு நிர்வாகக் காரணமும் உண்டு; இந்தக் கேள்விக்கு அதுவே முக்கியம் என்பேன். பிரிட்டனில் 2007-இல் தேசிய இடுப்பு முறிவுப் பதிவேடு தொடங்கியது. 2010-இலிருந்து இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் அறுவை உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றும் ஒவ்வொரு கேஸுக்கும் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை. இங்கிலாந்தில் 2007-க்கும் 2011-க்கும் இடையில் விரைவான அறுவை 54.5 சதவீதத்திலிருந்து 71.3 சதவீதமாக உயர்ந்தது. 30 நாள் இறப்பு 10.9-இலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது. கணுக்காலுக்கு அப்படி ஒரு கூடுதல் தொகை இல்லை. டாக்டர்கள் நெறிமுறையைப் படிக்காததால் கணுக்கால் காத்திருக்கவில்லை. எண்ணப்படுவதும் பணம் தரப்படுவதும் வேறொரு எலும்புக்கு என்பதால் காத்திருக்கிறது. பயிற்சி வகுப்பு நடத்தி இதை மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

ஆனால் 'அன்றே, மறுநாளே' என்ற வரியின் பின்னால் இருக்கும் ஆதாரம் இடுப்பு முறிவுக்கு உள்ள அளவு கனமானதல்ல. பெரும்பாலும் பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள்தான். தாமதமானவர்களுக்குப் புண் சிக்கல் கூடுதல் என்று அவை காட்டினாலும், தாமதமானவர்கள் பலரும் மோசமாக அடிபட்டு, அதிகம் வீங்கியவர்களாகவே இருந்திருப்பார்கள். நைஸ் அந்த வரியைக் கட்டாயமாக எழுதாமல் பரிசீலனையாக எழுதியதற்குக் காரணம் அதுதான். சிக்கனமாக யோசித்தால் இதில் ஒரு லாபம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது: முதல் நாளே முடிந்தவர் ஒரு வாரம் படுக்கையில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

அறுபதைத் தாண்டியவர்களின் கதை வேறு. எலும்பு மெலிந்து ஸ்க்ரூ பிடிக்காது, தோலும் மெலிந்து ஆறாது. இவர்களுக்காக, ஒட்டிப் போடும் மாவுக்கட்டு என்று ஒரு முறை உண்டு. மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சரியான இடத்தில் உட்கார வைத்து, பஞ்சை மிகக் குறைவாக வைத்து, காலின் வடிவத்துக்கு அப்படியே ஒட்டி வார்த்த கட்டு. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 60 வயதைத் தாண்டிய 620 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதத்தில் கணுக்காலின் இயக்கத்தை நூற்றுக்கு மதிப்பிடும் அளவுகோலில் அறுவைக்காரர்கள் 66.0, கட்டுக்காரர்கள் 64.5. ஏறத்தாழ சமம். தொற்றும் புண் பிரிதலும் அறுவையில் 10 சதவீதம், கட்டில் 1 சதவீதம். எலும்பு கோணலாக ஒட்டியது கட்டில் 15 சதவீதம், அறுவையில் 3 சதவீதம். கட்டில் தொடங்கியவர்களில் 19 சதவீதத்தினருக்குக் கடைசியில் அறுவை செய்ய வேண்டி வந்தது.

எலும்பியல் சங்கத்தின் நெறிமுறை இதை ஒரு தேர்வாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பெரும்பாலான இடங்களில் இதை அதிகம் போடுவதில்லை. காரணம் மறுப்பு அல்ல, கை. பிளேட்டும் ஸ்க்ரூவும் போடத் தெரிந்த தலைமுறை ஒன்று வந்துவிட்டது. மாவை வார்க்கும் கலை அவர்களுக்கு முந்தைய தலைமுறையோடு மங்கத் தொடங்கியது. கட்டைப் போடவும் மயக்க மருந்தும் தியேட்டரும் வேண்டும் என்னும்போது, "தியேட்டருக்குப் போன பிறகு பிளேட்டையே போட்டுவிடலாமே" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. போட்ட பிறகும் வாராவாரம் படம் எடுத்து, நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தொடர் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இதைப் போடாமலிருப்பதே மேல் என்று நான் சொல்வேன். நெறிமுறையின் ஒரு வரியைப் பின்பற்றி அடுத்த வரியைக் கைவிடுவது இரண்டையும் கைவிடுவதைவிட மோசமாக முடியலாம்.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம், அறுவைக்குப் பின் ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்பது. இதில் உங்கள் மருத்துவமனை தனியாக இல்லை. 'ஆறு வாரம்' என்பது எலும்பியலில் ஏறக்குறைய அனிச்சைச் செயல். 2024-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, 23 மருத்துவமனைகளில் அறுவை முடிந்த 561 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி இரண்டாம் வாரத்திலிருந்தே ஊன்றினார்கள், மறுபாதி ஆறாம் வாரத்திலிருந்து. நாலு மாதத்தில் மேலே சொன்ன அதே அளவுகோலில் முன்னவர்கள் 65.9, பின்னவர்கள் 61.2, சிக்கல்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. 2016-இன் நெறிமுறைகளுக்குப் பிந்தைய ஆதாரம் இது.  நெறிமுறைக்குப் பின்தங்கிய மருத்துவமனைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆதாரத்துக்குப் பின்தங்கிய நெறிமுறைகளும் உண்டு. பின்புற எலும்புத் துண்டு முறிந்திருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுவதும் இப்படித்தான், பல இடங்களில் வழக்கம் எழுத்தைத் தாண்டிப் போய்விட்டது.

உங்கள் அண்ணன் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஊன்றிவிட வேண்டாம். இரண்டு எலும்புகளையும் இணைக்கும் தசைநார் கிழிந்து அதற்கு ஸ்க்ரூ போட்டிருந்தாலோ, எலும்பு பொடிப்பொடியாக இருந்தாலோ, தையல் இன்னும் ஆறவில்லை என்றாலோ கணக்கு மாறும். அறுவை செய்தவரிடம், "இரண்டு வாரத்திலேயே ஊன்றலாம் என்கிறார்களே, என் முறிவில் அது ஏன் கூடாது?" என்று நேராகக் கேட்கலாம். காரணம் இருந்தால் சொல்வார். "எல்லோருக்கும் ஆறு வாரம்தான்" என்பது காரணம் ஆகாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு மேலே சொன்னவற்றில் பாதி அப்படியே பொருந்தாது. காலில் உணர்ச்சி மரத்தவருக்குக் கட்டு இறுகினால் தெரியாது, பிளேட் தளர்ந்தாலும் தெரியாது. வலிக்காததால் நடந்துகொண்டே மூட்டை நொறுக்கிவிடுவார். ஆகவே சர்க்கரை, புகைபிடித்தல், நரம்புப் பாதிப்பு, முன்பு எப்படி நடமாடினார் என்பதெல்லாம் முதல் நாளே எழுதப்பட வேண்டும் என்று நெறிமுறை கேட்கிறது. சர்க்கரை உண்டா இல்லையா என்பது எல்லா ஷீட்டிலும் இருக்கும். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த குறிப்பு பல ஷீட்டுகளில் இருக்காது. முதலாவதைவிட இரண்டாவதுதான் சிகிச்சையை மாற்றும்.

ரத்தக்கட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுப்போட்ட காலில் ரத்தம் உறையும் ஆபத்தை ஒவ்வொருவருக்கும் மதிப்பிட வேண்டும். எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போட வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. நெதர்லாந்தில் 1,500 பேருக்கு மேல் சேர்த்து 2017-இல் வெளியான ஆய்வில், கட்டுப்போட்டவர்களில் ஊசி போட்டவர்களுக்கு 1.4 சதவீதமும் போடாதவர்களுக்கு 1.8 சதவீதமும் கட்டி வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வார்டில் சேர்ந்தவருக்கு இந்த மதிப்பீட்டுப் படிவம் கட்டாயம் நிரப்பப்பட்டுவிடும். அவசரப் பிரிவிலேயே கட்டுப்போட்டு வீட்டுக்குப் போனவருக்குத்தான் விட்டுப்போகும்.

தணிக்கை அறிக்கை ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். "80 சதவீதம்" என்பது பத்துப் பேரில் எட்டாக இருக்கலாம். யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்: அறுவை நடந்தவர்களை மட்டும் எடுத்தால், அறுவையே தேவையில்லாமல் மேசைக்குப் போனவர்கள் எல்லா வரியிலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பிறகு, இரண்டாம் சுற்று நடந்ததா என்று பாருங்கள். தணிக்கையைச் செய்வது பெரும்பாலும் பயிற்சி டாக்டர்கள். சில மாதத்தில் வேறு இடத்துக்கு மாறிப் போவார்கள். முதல் சுற்றின் சிபாரிசுகள் ஒரு ஸ்லைடில் தங்கிவிடும். அடுத்து வருபவர் அதே தணிக்கையை மறுபடி 'முதல் சுற்றாக'த் தொடங்குவார்.

என்னிடம் படிவத்தை வடிவமைக்கச் சொன்னால் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்வேன். கோணிய கால் வாசலுக்கு வந்ததிலிருந்து நேரானது எத்தனை நிமிடத்தில்? உறுதியானது என்று முடிவான முறிவில் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே ஊன்றினார்கள்? ஓராண்டு கழித்து அந்த நோயாளி படிக்கட்டு ஏறுகிறாரா, வேலைக்குப் போகிறாரா? முதல் இரண்டும் கேஸ் ஷீட்டிலேயே கிடைத்துவிடும். மூன்றாவதற்கு யாராவது தொலைபேசியை எடுத்து அவரை அழைக்க வேண்டும். பெரும்பாலான மருத்துவமனைகளில் அந்த வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை.